அட்டை கையில் இல்லாவிட்டாலும்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த மாதம் வந்து சேர்ந்தது. பாடசாலை ஒன்றுக்குப் பக்கத்தில் காலையில் இடியப்பமும் பின்னேரத்தில் வடை, ரோல்ஸும் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். முன்பு எல்லோரும் காசு கொண்டு வந்தார்கள். இப்போது ஆசிரியைமாரும், கந்தோருக்குப் போகிறவர்களும், பொடியன்மாரும் அட்டையை நீட்டுகிறார்கள், அல்லது “கியூ.ஆர். இருக்கோ அக்கா?” என்று கேட்கிறார்கள், இல்லையென்றதும் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள் என்கிறார். அட்டை மெசின் ஒன்று எடுக்க வேண்டுமா, அதற்கு எவ்வளவு முடியும் என்பது அவருடைய முதற் கேள்வி. கடிதத்தின் அடியில், பிறகு நினைத்துச் சேர்த்தது போல இன்னொரு வரி இருந்தது. “என்ர ஏ.ரி.எம். அட்டை என்னட்டை இல்லை. கடன் தந்த ஆளிட்டைக் கிடக்கு. அட்டை இல்லாமல் என்ர காசை நான் பாவிக்க வழி இருக்கோ?”

இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுக்க விரும்புகிறேன். ஏனென்றால் இது அந்தச் சகோதரி ஒருவருடைய பிரச்சினை அல்ல. மாதர் சங்கங்களுக்குப் போய்வருகிற எனக்கு இந்தக் கதை பழகிப்போன ஒன்று. கடைக்காரரிடம் கடனுக்குச் சாமான் வாங்கினால் அட்டை அவரிடம் நிற்கும். வட்டிக்குக் காசு எடுத்தால் அட்டையும் இரகசிய இலக்கமும் சேர்ந்து போகும். சில வீடுகளில் கடன் எதுவும் இல்லை. “தம்பிதானே ரவுணுக்குப் போறவன்” என்று அட்டை தம்பியிடம் இருக்கிறது. அட்டையின் உறையிலேயே பேனையால் இலக்கம் எழுதி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அஸ்வெசும காசு வந்த அன்றே எடுபட்டுவிடும். எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுபட்டது என்பது கணக்குக்கு உரிய பெண்ணுக்குத் தெரியாது.

இங்கு நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அட்டை வேறு, கணக்கு வேறு. அட்டை கணக்கைத் திறக்கிற சாவிகளில் ஒன்று மாத்திரமே. அந்தச் சாவி பிறர் கையில் இருந்தால் அதைச் செல்லாததாக்கிவிட்டு வேறொரு சாவி வாங்கலாம். தேசிய அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், “என்னுடைய அட்டை என்னிடம் இல்லை, இரகசிய இலக்கம் வேறொருவருக்குத் தெரியும், அதை நிறுத்தித் தாருங்கள்” என்று சொன்னால் வங்கி அதை நிறுத்தும். காரணம் விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அட்டையை அடகு வைப்பதென்பது நகையை அடகு வைப்பதைப் போன்றதல்ல. அட்டை வங்கி உங்களுக்கென்று தந்த பொருள். அதை இன்னொருவரிடம் கொடுப்பதும் இலக்கத்தைச் சொல்வதும் வங்கியின் நிபந்தனைகளுக்கே மாறானது. ஆனால் அட்டை நின்றுவிட்டால் கடனும் நின்றுவிடாது. கடனைத் தொடர்ந்து கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் உங்கள் கையால், கணக்கு வைத்துக் கொடுக்கலாம். கடன் தந்தவர் சண்டைக்கு வரக்கூடியவர் என்றால் தனியாகப் போய்ப் பேசாதீர்கள். பிரதேச செயலகத்தில் இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ உங்கள் மாதர் சங்கத்திலோ முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது வருகிற புதிய அட்டைகளில் நாலு வளைந்த கோடுகள் போல ஓர் அடையாளம் இருக்கும். மெசினுக்குள் செருகாமல், கிட்டக் காட்டினாலே காசு கழியும் அட்டை அது. சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் கொண்டுபோனால் மெசினும் அட்டையும் பேசிக்கொள்ளும். சிறிய தொகைகளுக்கு இரகசிய இலக்கம் கேட்காது. சுப்பர் மார்க்கற்றில் வரிசையில் நிற்பவருக்கு இது நல்ல வசதி. அட்டை பிறர் கையில் இருக்கிற பெண்ணுக்கோ இது இன்னொரு ஓட்டை. இலக்கமே தெரியாதவர்கூட அதைக் காட்டிச் சாமான் வாங்கலாம். எனவே உங்களிடம் அப்படியான அட்டை இருந்தால் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைக்கிற காசைப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அன்றே வங்கிக்கு அறிவியுங்கள்.

சரி, அட்டை இல்லாமல், தாள் காசும் எண்ணாமல் கொடுக்கவும் வாங்கவும் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வழி இருக்கிறது?

கியூ.ஆர். என்ற கறுப்பு வெள்ளைச் சதுரத்தை இனி எவருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு யூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று வெந்தவர்கள் நாம். பிள்ளைகளைக் கொண்டு பதிவு செய்வித்து, அந்தச் சதுரத்தைக் கடதாசியில் அச்சடித்து, மழையில் நனையாமல் பொலித்தீனுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தோம். 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தச் சதுரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு வருடம் நாடு முழுவதற்கும் படிப்பித்துவிட்டது. யப்பானில் டென்சோ வேவ் என்ற நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காண்பதற்காக 1994இல் உருவாக்கியது அது. அதன் ஒரு பகுதி கிழிந்தாலும் அழுக்குப் பிடித்தாலும் மீதியை வைத்துப் படித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். இடியப்பக் கடையின் ஆவிக்கும் எண்ணெய்க் கைக்கும் இது பொருத்தம்தான்.

காசு கொடுப்பதற்கான கியூ.ஆர். ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்றாக இருந்தது. ஒரு கடையில் மூன்று நான்கு ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டிய நிலை. 2018இல் இலங்கை மத்திய வங்கி எல்லோருக்கும் பொதுவான ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. அதுதான் லங்கா கியூ.ஆர். கடையில் இருப்பது எந்த வங்கியின் சதுரமானாலும், வாங்குபவர் வைத்திருப்பது வேறு வங்கியின் செயலியானாலும், இரண்டும் லங்கா கியூ.ஆரில் சேர்ந்திருந்தால் காசு போகும். வாங்குபவரின் கணக்கிலிருந்து விற்பவரின் கணக்குக்குப் போகிறது. நடுவில் அட்டை இல்லை.

ஆகவே அந்தச் சகோதரியின் முதற் கேள்விக்கு என் பதில், அட்டை மெசின் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். மெசினுக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும், பற்றுச்சீட்டுக்குக் கடதாசிச் சுருள் வாங்க வேண்டும், வாடகையும் வரலாம். நாளைக்குச் சில ஆயிரம் ரூபா புரளுகிற கடைக்கு அது பாரம். கியூ.ஆருக்குத் தேவைப்படுவது ஒரு வங்கிக் கணக்கும், உங்கள் கைத்தொலைபேசி இலக்கமும், அச்சடித்த ஓர் அட்டைத்துண்டும். விண்ணப்பிக்கும்போது வங்கிகள் வியாபாரப் பதிவுப் பத்திரம் கேட்கலாம். சிறிய வியாபாரத்துக்கு வேறு ஆவணத்தை ஏற்றுக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

செலவு பற்றிச் சொல்ல வேண்டும். கியூ.ஆரால் கொடுக்கிறவருக்குக் கட்டணம் கிடையாது. வாங்குகிற கடைக்காரரிடம் வங்கி ஒரு சிறு வீதத்தைக் கழிக்கலாம். அட்டை மெசினுக்குக் கழிக்கிற வீதத்தைவிட இது குறைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. சலுகைக் காலங்களும் வந்து போவதால், “நூறு ரூபாவுக்கு எவ்வளவு வெட்டுவீர்கள், காசு எப்போது கணக்கில் விழும்” என்று வாயைத் திறந்து கேளுங்கள். உதாரணத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபா என்றால், பத்தாயிரம் ரூபா வியாபாரத்துக்கு நூறு ரூபா. ஒரு வடையின் இலாபம் எவ்வளவு என்று தெரிந்த பெண்ணுக்கு இந்தக் கணக்கு பெரிய வித்தை அல்ல. கழிவைக் காரணம் காட்டி விலையை ஐந்து ரூபா கூட்டிச் சொல்கிற கடைகளும் இருக்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. சில்லறை இல்லாமல் மிச்சத்துக்கு ரொபி கொடுத்துச் சமாளித்த காலத்தில் நாம் இழந்ததும் காசுதான்.

விண்ணப்பத்தில் வியாபாரத்தின் பெயர் என்ற இடத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள். வாடிக்கையாளர் சதுரத்தைப் படித்தவுடன் அவருடைய திரையில் வருவது அந்தப் பெயர்தான். ஊர் உங்களை எப்படி அறிந்திருக்கிறதோ அந்தப் பெயரைப் போடுங்கள். அண்ணனின் கணக்கு, அத்தானின் கணக்கு என்று சுலபத்துக்காகப் போட்டால் உங்கள் இடியப்பக் காசு அவர்களுடைய கணக்கில்தான் விழும். பிறகு கேட்டு வாங்குகிற சங்கடம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நல்லூர்ப் பக்கமோ சுற்றுலாப் பயணிகள் வருகிற இடங்களிலோ பனையோலைப் பொருட்கள் விற்கிற சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூ.பி.ஐ. கொடுப்பனவு முறை இலங்கையிலும் பாவனைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவர் தன் தொலைபேசியிலிருந்தே நம் கியூ.ஆருக்குக் கொடுக்கலாம். உங்கள் சதுரத்துக்கு அது வேலை செய்யுமா என்று வங்கியில் கேட்டு வையுங்கள்.

இனி நீங்களே கொடுப்பவராக இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வங்கியின் செயலியை, அல்லது மற்ற வங்கிக் கணக்குகளையும் இணைத்துக்கொள்ள விடுகிற ஒரு கொடுப்பனவுச் செயலியைத் தொலைபேசியில் ஏற்றுகிறீர்கள். முதற்தடவை அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம், குறுஞ்செய்தியில் வருகிற ஒருமுறை இலக்கம் எல்லாம் கேட்கும். வங்கிக் கிளையில் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் இரகசிய இலக்கத்தை நீங்களே அடியுங்கள். “நான் அடிச்சு விடுறன் அன்ரி” என்று யார் சொன்னாலும் தொலைபேசியைத் திருப்பி வாங்கி, மறைத்து அடியுங்கள். அதன் பிறகு கடையில் சதுரத்தைக் காட்டுவது, தொகையை எழுதுவது, கடைப் பெயரைப் பார்ப்பது, இலக்கத்தை அடிப்பது. அவ்வளவுதான். அட்டையே எடுக்காத பெண்ணும் இப்படிக் கொடுக்கலாம்.

விரல் அடையாளத்தால் திறப்பது சுகம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கல் உடைத்தவர், கயிறு திரித்தவர், வயலில் நின்றவரின் விரல் ரேகை பல நேரம் தேய்ந்து போயிருக்கும். தொலைபேசி படிக்காது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை, இலக்கத்தையே பாவியுங்கள். செல் துண்டு பட்டு விரல்கள் மடங்காத சகோதரிகளும், ஒரு கையோடு கடை நடத்துகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு கையால் பையைத் திறந்து, தாளை எண்ணி, மிச்சம் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அப்படியான ஒருவர் தன் கடை மேசையில் கியூ.ஆர். பலகையை ஆணியடித்து வைத்த பிறகு, “மிச்சக் காசு குடுக்கிற வேலை பாதி குறைஞ்சிட்டுது” என்று எனக்குச் சொன்னார். பார்வை குறைந்தவர்களுக்குத் தொலைபேசியிலேயே திரையை வாசித்துச் சொல்கிற வசதி உண்டு. அமைப்புகளில் அதைத் திறந்துவிட யாரையாவது கேளுங்கள். காதுக்குள் ஒலிப்பானைப் போட்டுக்கொண்டு பாவியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மிச்சத்தைச் சந்தை முழுக்கக் கேட்கும்.

மணிக்கூடு, மோதிரம் முதலியவற்றைக் காட்டியும் வெளிநாடுகளில் காசு கட்டுகிறார்கள். ஒரு கையுள்ளவர்களுக்கு மோதிரம் நல்ல யோசனையாகவே தோன்றுகிறது. ஆனால் நம் சந்தைகளில் இன்னும் நான் அதைக் கண்டதில்லை, எனவே விடுவோம்.

“ஸ்மார்ட் போன் இல்லாத எங்களுக்கு?” என்று கேட்பீர்கள். பொத்தான் அமத்துகிற சாதாரண தொலைபேசிக்கும் ஒரு வழி உண்டு. டயலொக் நிறுவனம் 2012இல் ‘ஈஸி காஷ்’ என்பதைத் தொடங்கியது. பின்னர் மொபிடெல் நிறுவனத்தின் ‘எம் காஷ்’ வந்தது. இன்டர்நெற்றும் டேற்றாவும் தேவையில்லை. ஓர் இலக்கத்தைச் சுழற்றினால் திரையில் பட்டியல் வரும். எவருக்கு, எவ்வளவு என்று எழுதி, உங்கள் இரகசிய இலக்கத்தை அடித்தால் காசு போய்விடும். வங்கிக் கணக்கே இல்லாதவரும் பாவிக்கலாம். உங்கள் சிம்முக்கு எது பொருந்தும், கட்டணம் எவ்வளவு என்பதை ரீலோட் போடுகிற கடையிலே கேட்கலாம்.

இந்தச் சாதாரண தொலைபேசி முறையைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஆபிரிக்காவில் கென்யா நாட்டில் 2007இல் எம்-பெசா என்ற பெயரில் இதே மாதிரியான சேவை தொடங்கியது. வங்கியைக் கண்ணாலும் காணாத கிராமத்துப் பெண்கள் அதில் காசு வாங்கவும் அனுப்பவும் பழகினார்கள். தவ்நீத் சூரி, வில்லியம் ஜக் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பல வருடங்கள் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து, 2016இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 194,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மேலே வர அந்தச் சேவை உதவியது என்று கணித்தார்கள். அதன் பலன் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில்தான் கூடுதலாகத் தெரிந்தது. சுமார் 185,000 பெண்கள் விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த நிலையிலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள் என்றும் சொன்னார்கள். காசு எந்தக் கையில் நிற்கிறது என்பது மாறியதை இதற்கு ஒரு காரணமாக நான் பார்க்கிறேன். தூரத்தில் உழைக்கிற உறவினர் அனுப்புகிற காசு இன்னொருவர் கைவழியாக வராமல் பெண்ணின் தொலைபேசிக்கே வந்தது. அவசரத்துக்கு யாரிடம் கேட்பது, எதைச் சேமிப்பது என்பதை அவளே முடிவு செய்ய முடிந்தது. மத்திய கிழக்கிலிருந்தும் வெளிநாட்டுச் சொந்தங்களிடமிருந்தும் காசு வருகிற நம் வீடுகளுக்கு இது புரியாத கதை அல்ல.

நமக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2009, 2010இல் முகாம்களிலிருந்து மீள்குடியேறியபோது குடும்பத்துக்கு 25,000 ரூபா உதவிப்பணம் கொடுத்தார்கள். அதில் பெரும் பகுதி வங்கிக் கணக்குக்கு வந்தது. தன் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் என்பதை அன்றுதான் முதன்முதலில் கையில் பிடித்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் அட்டைதான் இன்று பிறரிடம் கிடக்கிறது. அதனால்தான் கடிதத்தின் அந்த அடிவரி என்னை விடவில்லை.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். செயலியானாலும் சாதாரண தொலைபேசியானாலும் காசு விடயத்தில் எல்லாம் உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு கட்டப்பட்டவை. சிம் தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்ப எடுக்க, அது உங்கள் அடையாள அட்டையில் பதியப்பட்டிருக்க வேண்டும். நம் பெண்கள் பலரிடம் இருப்பது கணவரின் பெயரிலோ, வெளிநாடு போன மருமகனின் பெயரிலோ எடுத்த சிம். காணாமற்போன மகனின் பெயரில் உள்ள இலக்கத்தை மாதாமாதம் காசு போட்டு உயிரோடு வைத்திருக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே இலக்கம் அது. அதற்குத்தான் அழைப்பான் என்று சொல்வார்கள். அம்மா, அந்த இலக்கத்தை மாற்றச் சொல்லி நான் சொல்லவில்லை, எவர் சொன்னாலும் நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும். காசுக்கென்று உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுங்கள். இரண்டு சிம் போடுகிற சாதாரண தொலைபேசிகள் இருக்கின்றன. வங்கிக்கும் செயலிக்கும் இந்தப் புதிய இலக்கத்தைக் கொடுங்கள். காணாமற்போனவரின் பெயரில் வங்கிக் கணக்கே முடங்கிக் கிடந்தால், மரணச் சான்றிதழ் எடுக்காமலேயே காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அது ஒரு தனிக் கட்டுரைக்கு உரிய விடயம்.

மோசடிகளும் கூடவே வருகின்றன. கடைக்காரப் பெண்களிடம் அதிகம் நடப்பது, வாங்கியவர் தன் தொலைபேசியைக் காட்டி “அனுப்பிட்டன், பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போவது. அந்தப் படம் நேற்றையதாகவும் இருக்கலாம், வேறு கடைக்குக் கட்டியதாகவும் இருக்கலாம். அவருடைய திரையைப் பார்க்காதீர்கள், உங்களுடையதைப் பாருங்கள். உங்கள் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி வந்தால்தான் காசு வந்தது. செய்தி வரச் சுணங்கினால், “கொஞ்சம் பொறுங்கோ தம்பி, இன்னும் வரேல்லை” என்று முகம் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். நல்ல மனிதர் கோபிக்கமாட்டார். சதுரத்தின் மேல் இன்னொருவர் தன்னுடைய சதுரத்தை ஒட்டிவிடுவதும் நடக்கக்கூடியது. ஆகவே வாசலில் ஒட்டாமல் உங்கள் கண்ணெதிரே வையுங்கள். “இந்தச் சதுரத்தைப் படியுங்கோ, உங்களுக்குப் பரிசுக் காசு வரும்” என்று யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். கடைச் சதுரத்தைப் படித்து இலக்கம் அடித்தால் காசு போகுமே தவிர வராது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருமுறை இலக்கத்தைக் கேட்பவர் வங்கிக்காரர் அல்ல. பத்து நிமிடத்தில் கடன் என்று தொலைபேசியில் வருகிற விளம்பரச் செயலிகளும் இவற்றோடு சேர்த்தி இல்லை. அவற்றில் சில உங்கள் தொலைபேசியில் உள்ள இலக்கங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை பிந்தினால் உறவினருக்கெல்லாம் அடித்து மானத்தை வாங்குபவை.

இதில் இன்னொரு நன்மையையும் கண்டேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கிழமைத் தவணைக் கடன் எடுத்திருந்தார். வீட்டு வாசலுக்கு வருகிற உத்தியோகத்தரிடம் காசைக் கையில் கொடுத்தார். மூன்று தவணை கொடுபடவில்லை என்று பிறகு வந்து நின்றார்கள். கொடுத்ததற்குத் துண்டு இல்லை, சாட்சியும் இல்லை. மீண்டும் கட்டினார். இப்போது அவர் எந்தத் தவணையையும் கையில் கொடுப்பதில்லை. நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பிவிட்டு, திகதியோடு வருகிற செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறார். அனுப்பக் கொஞ்சக் கட்டணம் முடிகிறதுதான். “அது பரவாயில்லை, நித்திரை வருது” என்றார்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் எல்லாச் செய்தியும் நன்மை செய்யாது. வீட்டில் ஒரே தொலைபேசி, அதைக் கணவரும் பார்க்கிறார், காசு விடயத்தில் கை நீட்டுகிறவர் என்றால், “உங்கள் கணக்கில் 1,500 ரூபா வரவு” என்ற ஒரு செய்தியே அன்றிரவைக் கெடுத்துவிடும். அரிசிப் பானைக்குள் வைத்த காசு சத்தம் போடுவதில்லை. அப்படியான வீட்டில் இருக்கும் சகோதரி, தனித் தொலைபேசியும் திரைப் பூட்டும் இல்லாமல் இந்த முறைக்குள் அவசரப்பட்டு வர வேண்டாம். வங்கிப் புத்தகத்தோடு கிளைக்குப் போய் எடுப்பது அவருக்கு இன்னும் பாதுகாப்பாக இருக்கலாம்.

தாள் காசையும் முழுதாகக் கைவிட வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எத்தனையோ இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அந்த நாட்களில் சதுரமும் வேலை செய்யாது, அட்டையும் வேலை செய்யாது. இரண்டு மூன்று நாள் பாணுக்கும் மாவுக்கும் மருந்துக்கும் போதுமான தாள்களைப் பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு ஒன்றாக வையுங்கள். இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

காசு தவறிப் போனாலோ இரண்டு தடவை கழிந்தாலோ முதலில் உங்கள் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

தனியாகப் பழகப் பயமாக இருந்தால் சங்கத்தில் சேர்ந்து பழகுங்கள். எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில் மாதக் கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஆள் பத்து ரூபா அனுப்பிப் பழகுகிறார்கள். கடைப் பலகை எடுத்த ஒருவர் அதைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார், மற்றவர்கள் படித்துப் பார்ப்பார்கள். முதல் நாள் ஒருவர் பத்துக்குப் பதில் ஆயிரம் அடித்துவிட்டார். கடைப் பெயரையும் தொகையையும் உரத்து வாசித்த பிறகுதான் இலக்கம் அடிக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்ததால், அது போகுமுன் பிடிபட்டது. எழுபதை எட்டுகிற ஒரு அம்மா மூன்றாவது கூட்டத்தில்தான் தன் கையாலேயே அடித்தார். இப்போது தையற்கடைக்குக் கொடுக்க வேண்டிய காசை அவரே கொடுக்கிறார், பேரனைக் கூப்பிடுவதில்லை.